சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்: செலவை யார் ஏற்கிறார்கள்?

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் கோடைகால இன்டர்னாகச் சேரும் மாணவருக்கு முதல் வேலை தொலைபேசி எடுப்பது. தொகுதியிலிருந்து கூப்பிடுபவர் எந்த மசோதாவை ஆதரிக்கிறார், எதைக் கண்டு கொதிக்கிறார் என்று கேட்டுக் குறித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஊரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு நாடாளுமன்றம் இயங்கும் கேப்பிடல் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். வந்து குவியும் கடிதங்களைப் பிரித்து அடுக்க வேண்டும். சில வாரம் போன பிறகுதான், "இன்றைக்கு ஒரு குழு விசாரணை இருக்கிறது, போய் உட்கார்ந்து குறிப்பெடுத்து வா" என்பார்கள். அந்த இரண்டு பக்கக் குறிப்பு ஒழுங்காக அமைந்தால் அடுத்ததும் கிடைக்கும். ஓராண்டு கழித்து அதே அலுவலகத்தில் கடைநிலை உதவியாளர் இடம் ஒன்று காலியாகும்போது, தொலைபேசிக்குப் பழகிய, குறிப்பு எழுதத் தெரிந்த ஆளைத்தான் முதலில் தேடுவார்கள்.

பொதுக்கொள்கைத் துறையில் நுழைவதற்கு இதுவே வழக்கமான வாசல். நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம், நகராட்சி, மத்திய அரசுத் துறைகள், ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய இதே கதை. இந்த இடங்களில் கணிசமானவை நீண்ட காலமாகச் சம்பளமில்லாமல் நடந்துவந்தன. இன்றும் பல அப்படித்தான். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்குக் கோடை உதவித்தொகை கொடுக்கின்றன. இது நல்ல ஏற்பாடா என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பணம் எவ்வளவு என்பதைவிட எப்போது, எந்த நிபந்தனையோடு கைக்கு வருகிறது என்பதில்தான் யார் வாஷிங்டன் போகிறார்கள், யார் ஊரிலேயே தங்குகிறார்கள் என்பது முடிவாகிறது. இதைப் புரிந்துகொள்ள முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பத்து வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் மொத்தம் 400 மணி நேரம். வாஷிங்டன் நகரின் குறைந்தபட்சக் கூலி 2024 ஜூலையில் மணிக்கு 17.50 டாலர் ஆனது. அதே 400 மணி நேரம் அதே ஊரில் ஒரு காபிக் கடையில் நின்றிருந்தால் 7,000 டாலர் கிடைத்திருக்கும். இது வராமல் போன பணம். கையிலிருந்து போகும் பணம் தனி: வாடகை, சாப்பாடு, மெட்ரோ ரயில், போக வர விமானம், அப்புறம் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சூட். கோடையில் அந்நகரப் பல்கலைக்கழகங்கள் காலியான விடுதி அறைகளை இன்டர்ன்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. அங்கே அறை பிடிக்க முன்பணம் கட்ட வேண்டும். அதுவும் வேலையில் சேர்வதற்குப் பல வாரங்கள் முன்பே.

வெளியே தெரியாத செலவு இன்னொன்று உண்டு. நிதியுதவி பெறும் மாணவர் கோடையில் வேலை பார்த்து ஒரு தொகையைச் சேர்த்துக்கொண்டு வருவார் என்று பல கல்லூரிகள் முன்கூட்டியே கணக்கில் வைத்துவிடுகின்றன. அந்தத் தொகையைக் கழித்துத்தான் மீதி உதவி. ஆக, சம்பளமில்லாமல் கோடையைக் கழித்த மாணவர் இலையுதிர்காலத்தில் திரும்பி வரும்போது கையில் எதுவும் இருக்காது. கல்லூரியோ அவர் பங்கை எடுத்து வைக்கச் சொல்லும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பல்கலைக்கழகம் கொடுக்கும் உதவித்தொகை, 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம், பத்து வார வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிட்டால், இந்த இரண்டாவது பள்ளம் அப்படியே கிடக்கும். நன்றாக யோசித்து வடிவமைத்த திட்டங்கள் கோடைச் சேமிப்பு எதிர்பார்ப்பையும் தள்ளுபடி செய்கின்றன, அல்லது அதற்கென்று தனியாக ஒரு தொகை சேர்க்கின்றன. மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை.

இன்னும் விசித்திரமானது பாடப்புள்ளி (கிரெடிட்) விவகாரம். சில அலுவலகங்கள் சம்பளம் கொடுப்பதில்லை என்பதை ஈடுகட்ட, மாணவர் கல்லூரியில் அதற்குப் பாடப்புள்ளி பெற வேண்டும் என்று நிபந்தனை போடும். கோடையில் பாடப்புள்ளி பெற வேண்டுமானால் கல்லூரிக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதாவது வேலையும் செய்து, வேலை செய்ததற்குப் பணமும் கட்டுவது. இதற்கு ஏதாவது நல்ல பெயர் இருந்தால் எனக்குத் தெரியாது.

சரி, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கும் நாட்டில் இது எப்படி நடக்கிறது?

1938-இல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம்தான் அமெரிக்காவில் கூலிக்கு அடிப்படை. லாப நோக்குள்ள நிறுவனங்களில் இன்டர்ன்களைச் சும்மா வைத்துக்கொள்ள முடியுமா என்பதில் பெரிய வழக்குகள் நடந்தன. ஃபாக்ஸ் சர்ச்லைட் திரைப்பட நிறுவனத்தின் மீது இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா, நிறுவனமா? 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் அந்த அளவுகோலையே எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த விவாதம் முழுக்கத் தனியார் நிறுவனங்களைப் பற்றியது. அரசு அலுவலகத்திலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ ஊதியம் எதிர்பார்க்காமல் தன்னார்வமாக வேலை செய்வதைத் தொழிலாளர் துறை பொதுவாக அனுமதிக்கிறது. கொள்கைத் துறை இன்டர்ன்ஷிப்புகள் இருப்பதெல்லாம் இந்த இரண்டு இடங்களில்தான். ஆகவே திரைப்பட நிறுவனத்தைக் கோர்ட்டுக்கு இழுத்த சட்டம் இந்தப் பக்கம் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை.

மத்திய அரசின் கதை இன்னும் சுவாரசியமானது. அரசுத் துறைகள் இலவச உழைப்பை ஏற்கக் கூடாது என்று 1884-லேயே ஒரு தடை வந்தது. காரணம் இரக்கம் அல்ல. துறைகள் ஆண்டு ஒதுக்கீட்டைத் தாண்டி ஊழியர்களிடம் "தன்னார்வமாக" வேலை வாங்கிவிடும். பிறகு அந்த ஊழியர்கள் நாடாளுமன்றத்திடம் வந்து பாக்கி கேட்பார்கள். பணப்பையைக் கையில் வைத்திருக்கும் நாடாளுமன்றத்துக்கு இது பிடிக்கவில்லை. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. ஆனால் 1978-இல் அரசுப் பணிச் சீர்திருத்தம் வந்தபோது மாணவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்தார்கள். கல்வி நிறுவனத்தின் அனுமதியோடு, படிப்பின் பகுதியாக, ஏற்கெனவே இருக்கும் ஊழியரை வெளியேற்றாமல் வேலை செய்தால் ஊதியமின்றி ஏற்கலாம். நாடாளுமன்றமும் தனக்கு ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. நாட்டுக்குப் போடும் தொழிலாளர் சட்டங்கள் எங்களுக்கும் பொருந்தும் என்று 1995-இல் அது ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் குறைந்தபட்சக் கூலிப் பிரிவிலிருந்து இன்டர்ன்களை வெளியே நிறுத்திவிட்டது.

இத்தனைக்கும் ஒருகாலத்தில் அங்கே சம்பளம் இருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் பெயரில் 1970களில் தொடங்கிய திட்டம் ஒன்று, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன் வைத்துக்கொள்ள வழிசெய்தது. 1990களில் அதற்கான நிதி நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த தலைமுறை, சம்பளமில்லாததுதான் காலங்காலமான வழக்கம் என்று நினைத்துக்கொண்டது.

மாற்றம் 2018-இல் வந்தது. அதற்குச் சற்று முன் தொடங்கப்பட்ட 'பே அவர் இன்டர்ன்ஸ்' என்ற அமைப்பு எந்தெந்த அலுவலகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது, எது கொடுப்பதில்லை என்று பட்டியல் எடுத்து வெளியிட்டது. கட்சி வேறுபாடின்றி எல்லாருக்கும் சங்கடமான பட்டியல் அது. அந்த ஆண்டு செனட்டுக்கு 50 லட்சம் டாலரும் பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் டாலரும் இன்டர்ன் சம்பளத்துக்கென்றே ஒதுக்கினார்கள். பிரதிநிதிகள் சபையில் அலுவலகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர். பிறகு அந்தத் தொகை உயர்ந்தது. 2022 இலையுதிர்காலத்தில் வெள்ளை மாளிகை முதன்முறையாக இன்டர்ன்களுக்கு வாரம் 750 டாலர் கொடுத்தது. 40 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 18.75.

20,000 டாலர் கேட்பதற்குப் பெரிய தொகை. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று மூன்று பருவத்துக்கும் பிரித்து, பருவத்துக்கு மூன்று நான்கு பேர் என்று போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு இரண்டாயிரம் டாலர் வருவதே கடினம். சம்பளம் என்று ஒன்று வந்தும் பல்கலைக்கழக உதவித்தொகைக்குத் தேவை குறையாமல் இருப்பது இதனால்தான். ஆய்வு மையங்கள், நகராட்சிகள், தொண்டு அமைப்புகள் பக்கம் இந்த நாடாளுமன்ற ஒதுக்கீடும் கிடையாது.

பல்கலைக்கழகங்கள் பக்கம் வருவோம். பழையவற்றில் ஒன்று ஸ்டான்ஃபோர்டில் 1963-இல் தொடங்கிய 'ஸ்டான்ஃபோர்ட் இன் கவர்ன்மென்ட்'. மாணவர்களே நடத்தும் அமைப்பு. கோடையில் அரசு, கொள்கை நிறுவனங்களுக்குப் போகும் மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஹார்வர்டின் அரசியல் நிறுவனத்துக்கு இதுபோல ஓர் ஏற்பாடு உண்டு. பிரின்ஸ்டனில் 1969-ஆம் ஆண்டு வகுப்புப் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய சமூகப் பணி இன்டர்ன்ஷிப் திட்டம் தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர் குழு, லத்தீன் உறுப்பினர் குழு ஆகியவற்றோடு தொடர்புடைய அறக்கட்டளைகள் நாடாளுமன்ற இன்டர்ன்களுக்கு உதவித்தொகையோடு தங்குமிடமும் ஏற்பாடு செய்கின்றன. தங்குமிடம் சேர்ந்த உதவி, அதே தொகையைக் கையில் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. பத்து வாரத்துக்கு மட்டும், அதுவும் தெரியாத ஊரில், உத்தரவாதக் கையெழுத்துப் போட யாருமில்லாமல் வீடு பிடிப்பது என்பது பணத்தால் மட்டும் தீர்கிற வேலை இல்லை.

மேலே சொன்ன பல்கலைக்கழகப் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் பெரும் பணக்கார நிறுவனங்கள். இந்த உதவிகள் பெரும்பாலும் மூலதன நிதியிலிருந்து வருகின்றன. மூலதனத்தைத் தொடாமல் ஆண்டுக்கு 4 விழுக்காடு மட்டும் எடுத்துச் செலவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மாணவருக்கு ஒவ்வொரு கோடையும் 5,000 டாலர் கொடுக்க 1,25,000 டாலர் முதலீடு வேண்டும். 40 மாணவர் என்றால் 50 லட்சம் டாலர். அவ்வளவு பணம் எங்கே இருக்குமோ அங்கேதான் இந்த உதவியும் இருக்கும். சாதாரண மாநிலக் கல்லூரியில் டீன் கையில் சிறு தொகை ஒன்று இருக்கும். நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும். உதவி அதிகம் தேவைப்படும் மாணவர்கள் படிப்பதோ இந்த இரண்டாவது வகைக் கல்லூரிகளில்.

அதனால்தான் மாநிலப் பல்கலைக்கழகங்கள் சில வேறு வழியில் போயின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வாஷிங்டனிலேயே ஒரு மையம் வைத்திருக்கிறது. மாணவர் ஒரு பருவம் முழுக்க அங்கே தங்கி, பகலில் இன்டர்ன்ஷிப், மற்ற நேரத்தில் வகுப்பு என்று படிக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மாணவர் கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அவருக்கு வழக்கமாக வரும் வசதி குறைந்தவர்களுக்கான மத்திய அரசின் பெல் உதவி, கல்விக்கடன், மாநில உதவி எல்லாம் அந்தப் பருவத்துக்கும் வரும். கோடையில் போனால் தனியாக நிதி தேட வேண்டும். பருவத்தில் போனால் இருக்கும் நிதியே கூட வருகிறது. என்னைக் கேட்டால், வசதியில்லாத மாணவருக்குப் பத்துப் போட்டி உதவித்தொகைகளைவிட இந்த ஏற்பாடு மேல். போட்டி இல்லை, காத்திருப்பு இல்லை.

காத்திருப்பு என்றேன் அல்லவா, பெரும்பாலோர் தடுக்கி விழுவது அங்கேதான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பிப்ரவரியில் அல்லது மார்ச்சில் வரும். விண்ணப்பத்தோடு அலுவலகத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும் என்பார்கள். அலுவலகமோ ஏப்ரலில்தான் ஆள் எடுத்து முடிக்கும். மாறாக, அலுவலகம் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டால், "இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கும்; உதவித்தொகை முடிவு வர இன்னும் ஒரு மாதம் இருக்கும். பணம் வருமா வராதா என்று தெரியாமல் சரி என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கும்? வராவிட்டால் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை உள்ளவருக்கு. மற்றவர் நன்றி சொல்லி விலகிவிடுவார். நிதிக்குழுவின் ஆண்டறிக்கையில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது, விண்ணப்பமே போடவில்லையே. அப்புறம் பணம் வரும் நேரம்: விடுதி முன்பணம் ஏப்ரலில், விமான டிக்கெட் மே மாதம், காசோலை ஜூனில். செலவு செய்துவிட்டு ரசீது கொடுத்தால் திருப்பித் தருவோம் என்கிற திட்டங்களும் இருக்கின்றன. முதலில் செலவு செய்யப் பணம் இருப்பவருக்குத்தான் அது உதவி.

இதைச் சரிசெய்ய அதிகப் பணம் தேவையில்லை. சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே, "நீங்கள் எங்கே சேர்ந்தாலும் இந்தத் தொகை உங்களுக்கு" என்று நிபந்தனையோடு ஒப்புதல் கொடுத்துவிடலாம். தொகையில் பாதியை ஏப்ரலிலேயே கொடுக்கலாம். நிர்வாகத்துக்குக் கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான்.

அரசுப் பணம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். 1964-இல் தொடங்கிய மத்திய வேலை-படிப்புத் திட்டம், தேவையுள்ள மாணவரின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே ஏற்கும் ஏற்பாடு. வளாகத்துக்கு வெளியே தொண்டு நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ வேலை செய்தாலும் பொருந்தும். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஒதுக்கீட்டில் குறைந்தது 7 விழுக்காட்டைச் சமூகச் சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் கொள்கைத் துறைக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் அரசியல் உதவியாளர் வேலைக்கு இந்தப் பணம் போகக் கூடாது. சட்டமன்ற நிலைக்குழுவில் கட்சி சாராத வேலை என்றால் பரவாயில்லை. வரிப்பணத்தில் அரசியல் கூடாது என்பது நியாயமான விதிதான். விளைவு என்னவென்றால், நான் முதலில் சொன்ன அந்தத் தொலைபேசி எடுக்கும் இடத்துக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்தான் வழி. நாடாளுமன்ற நெறிமுறை விதிகளும் அதற்கு இடம் தருகின்றன: பயிற்சி முதன்மையாக மாணவரின் கல்விக்கானது என்றால், வெளி அமைப்பு அவருக்கு உதவித்தொகை கொடுக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. பல்கலைக்கழகம் பணம் கொடுத்தால் அலுவலகம் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்? ஏழை மாணவருக்குப் போகிறது என்று நாம் நினைக்கும் உதவி உண்மையில் வேலை வாங்குபவருக்குப் போகும் மானியம் இல்லையா? பாதி உண்மை. ஊழியர் ஆறே பேர் உள்ள ஒரு கிராமப்புறச் சுகாதார அமைப்பையும் பெரும் நன்கொடைகளில் நடக்கும் ஓர் ஆய்வு மையத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதலாவதற்குப் பணம் உண்மையிலேயே இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது, கொடுக்க மனமில்லை. சில நிதிகள் அலுவலகம் ஒரு பங்கு கொடுத்தால் மீதியைத் தாங்கள் நிரப்புகின்றன. வசதியுள்ள அமைப்புகளுக்கு இதைக் கட்டாயமாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கேட்டால் மறுக்கும் தைரியம் எத்தனை ஆய்வு மையங்களுக்கு இருக்கும்?

பணம் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். நாடாளுமன்றம் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, 2019-இல் சம்பளம் பெற்ற இன்டர்ன்கள் யார் என்று 'பே அவர் இன்டர்ன்ஸ்' 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் இளநிலை மாணவர்களில் வெள்ளையர் 52 விழுக்காடு. சம்பளம் பெற்ற இன்டர்ன்களில் 76 விழுக்காடு. அலுவலகத்துக்குள் யாரைத் தெரியும், எந்தக் கல்லூரியிலிருந்து ஏற்கெனவே ஆள் வந்திருக்கிறார், யாருடைய பெற்றோர் தொகுதியில் செல்வாக்குள்ளவர் என்பவை பணத்துக்கு முன்பே வேலை செய்கின்றன. அறிவிப்பே வராத இடத்துக்கு உதவித்தொகை இருந்து என்ன பயன்?

நம்மவர் உட்பட வெளிநாட்டு மாணவர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. வெள்ளை மாளிகை, வெளியுறவுத் துறை இன்டர்ன்ஷிப்புகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அதனால் ஆய்வு மையம், தொண்டு அமைப்பு, பன்னாட்டு நிறுவனம் என்று இடம் சுருங்குகிறது. உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் சம்பளம் கொடுக்கின்றன. ஐ.நா. தலைமைச் செயலகம் கொடுப்பதில்லை. 2015-இல் ஜெனீவாவில் சம்பளமில்லாத ஐ.நா. இன்டர்ன் ஒருவர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம் 2020-இலிருந்து உதவித்தொகை தருகிறது.

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் சம்பளமில்லாத வேலைதானே என்று எண்ணிப் பேசாமல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் அது வேலை என்று கருதப்படலாம். அப்போது சி.பி.டி. எனப்படும், படிப்போடு இணைந்த வேலைப் பயிற்சிக்கான அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். பன்னிரண்டு மாதம் முழுநேர சி.பி.டி. செய்துவிட்டால் பட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சிறிது காலம் வேலை செய்ய விடும் ஓ.பி.டி. உரிமை போய்விடும். ஒரு கோடை அந்த அளவுக்குப் போகாது, ஆனால் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக வரி. கல்விக் கட்டணத்துக்கும் பாடத்துக்கு அவசியமான செலவுகளுக்கும் போகும் உதவித்தொகைக்கு வரி கிடையாது; வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போவதற்கு உண்டு. அமெரிக்க மாணவருக்குப் பல்கலைக்கழகம் எதையும் பிடிக்காமல் முழுத்தொகையைக் கொடுத்துவிடும். அடுத்த ஏப்ரலில் அவராகவே கணக்குக் காட்ட வேண்டும். வரிச் சட்டப்படி இன்னும் அந்நாட்டுவாசி ஆகாத எஃப்-1 மாணவருக்கு வழக்கமாக 14 விழுக்காட்டை முன்பே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தியாவிலிருந்து போன மாணவர், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி, கணக்குத் தாக்கல் செய்யும்போது நிலையான கழிவு கோரலாம். அப்படிக் கோரினால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்ப வர வாய்ப்புண்டு. ஆனால் அது வருவது அடுத்த ஆண்டு. உதவிக் கடிதத்தில் 5,000 டாலர் என்று இருந்தால், ஜூன் மாத வாடகைக் கணக்கை 4,300 டாலரில் போட்டுக்கொள்ளுங்கள்.